ஒரு பிழையாவது

பல்லி என்றுதான் ஜெனோவா காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள். ரேடியோ அறையின் சுவரில், மாதா படத்துக்குப் பின்னால், எப்போதும் ஒன்று இருக்கும். சத்தம் கேட்டபோதெல்லாம் அம்மா செய்வதைப் போல விரலை மடக்கி மேசையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வேலையைப் பார்த்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தபோதுதான் காதில் உறைத்தது. சத்தம் சுவரிலிருந்து வரவில்லை, காலுக்குப் பக்கத்தில் இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வருகிறது. டிக் டிக். கொஞ்சம் சும்மா இருக்கும். மறுபடி டிக் டிக், தொண்டையில் முள் சிக்கினவன் எச்சில் விழுங்கிப் பார்க்கிற மாதிரி. ஹார்டு டிஸ்க் எதையோ படிக்கப் பார்க்கிறது, முடியவில்லை, பின்வாங்கி மறுபடி முயல்கிறது. அவள் திரையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தாள். நீலக் கடலில் பச்சைப் புள்ளிகள், ஒவ்வொன்றும் ஒரு படகு. ‘விண்ணரசி’ காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. காலையில் பார்த்தபோது வலை போட்டிருப்பார்கள் என்று நினைத்தாள். வலை போட்ட படகும் நீரோட்டத்தோடு கொஞ்சம் நகரும், நங்கூரம் போட்ட படகுகூடக் கயிற்றின் நீளத்துக்கு ஊசலாடும், இந்தப் புள்ளி சுவரில் அடித்த ஆணி போல நின்றது. அந்தப் புள்ளிக்குள் ஆறு பேர். ஆறு பேரில் ஒருவன் அவள் தம்பி கிளாட்வின்.

டிஸ்க்தான், டிஸ்க்தான், என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள், வேறொன்றுமில்லை. விசைப்படகுச் சங்கத்தின் படகு ஒவ்வொன்றிலும் ஒரு பெட்டி இருக்கிறது. அது தான் இருக்கிற இடத்தை வானத்து வழியாக இங்கே அனுப்பிக்கொண்டே இருக்கும். இங்கே இருக்கிற இந்த ஒற்றைக் கம்ப்யூட்டர் அதை வாங்கி முதலில் டிஸ்கில் எழுதும், பிறகு எழுதியதை எடுத்துப் படித்துத்தான் புள்ளியை நகர்த்தும். எழுதியதைப் படிக்க முடியவில்லையென்றால் புள்ளி நகராது. படகு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், புள்ளி மட்டும் நிற்கும், அவ்வளவுதான் விஷயம். ஜோஸ்லின் போட்டின் புள்ளியும் கடலரசன் போட்டின் புள்ளியும்கூடக் காலையிலிருந்து நின்று நின்றுதான் நகர்கின்றன, ரேடியோவில் கூப்பிட்டுக் கேட்டால் இரண்டு பேருமே நல்லா ஓடிக்கிட்டிருக்கோம் என்கிறார்கள். அப்படியானால் இதுவும் அதேதான். ஆனால் விண்ணரசியை ரேடியோவில் கூப்பிட முடியாது, பேச்சு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது, நாள்கணக்கில் கடலிலேயே தங்கிப் பிடிக்கிற தங்குகடல், இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் கரை. பேச்சு எட்டுகிற எல்லையில், அதற்குப் பக்கத்தில் இருக்கக்கூடியவர் இன்னொரு போட்டின் டிரைவர் மொராய்ஸ் ஒருத்தர்தான். அவர் நேற்றுச் சாயங்காலம் பார்த்ததோடு சரி, இன்றைக்குக் கண்ணில் படவில்லை என்று சொல்லிவிட்டார். எழுதப்படாமல் போனதா, வராமலே போனதா. இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் மனசு ஊஞ்சல் ஆடியது, ஒரு பக்கம் போய் இடித்துவிட்டு மறுபக்கம் வந்து இடித்தது. வெளியே கச்சான் காற்று கிளம்பிவிட்டிருந்தது. ஐஸ் பிளான்ட்டின் தகரக் கூரை ஒரு ஓரத்தில் மட்டும் எழுந்து எழுந்து விழுந்தது.

செயலாளர் கர்வாலோ மாடிப்படி ஏறி வரும்போதே பேசிக்கொண்டுதான் வந்தார். சங்கத்தில் மூன்றாவது தடவையாக ஜெயித்தவர், எதையும் நின்றுகொண்டே கேட்டு நின்றுகொண்டே முடிவு சொல்லுகிறவர். கீழே விண்ணரசி முதலாளி வந்து நிற்பதாகவும் என்ன பதில் சொல்ல என்றும் கேட்டார். ஜெனோவா டிஸ்கைச் சொன்னாள்.

“சரி பண்ணிர வேண்டியதுதானே. எங்க வீட்டுல கம்ப்யூட்டர் நின்னுட்டுன்னா மகன் என்னத்தையோ அமுக்குவான். அதுவே பாத்து அதுவே சரி பண்ணிக்கிடுது.”

“ஓடிக்கிட்டிருக்குற டிஸ்க்ல அப்பிடிப் பண்ணக் கூடாது அண்ணாச்சி. இந்த நிமிசமும் படகுகளோட சேதி வந்து அதுல விழுந்துக்கிட்டிருக்கு. எழுதிக்கிட்டிருக்கும்போதே சரி பண்ணப் போனா நல்லா இருக்கதையும் சேர்த்து அழிச்சிரும். மொதல்ல நிப்பாட்டணும். டிஸ்க்க வேலையிலேருந்து விடுவிக்கணும். அப்புறம் அப்பிடியே ஒரு நகல் எடுத்துக்கிட்டு, அந்த நகல்லதான் சோதிக்கணும்.”

“நிப்பாட்டணும்னா?”

“புள்ளி எதுவும் வராது. எல்லாப் படகுக்கும்.”

கர்வாலோ ஜன்னல் பக்கம் திரும்பினார். வெள்ளைச் சட்டை காற்றில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. “காத்து இப்பிடி அடிக்கிறப்ப கண்ண மூடிக்கிடச் சொல்லுதே,” என்றார். “எம்புட்டு நேரம்?”

“சாயங்காலம் ஆயிரும்.”

“ஏம்மா, ஒன் தம்பியும் அதுலதானே இருக்கான்?”

அவள் குனிந்து மேசையறையிலிருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்தாள். ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தார்சியுஸ்தான் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே சொன்னார். “அது சொல்றபடி செய்யட்டும் அண்ணாச்சி. அதுவரைக்கும் ஒவ்வொரு படகையும் நான் வாயால கூப்பிட்டுக் கேட்டுக்கிடுதேன். வலைய இழுத்துக்கிட்டிருக்கும்போதே யாராச்சும் கிழிசல் தைப்பாவளா?”

கர்வாலோ போன பிறகு அவள் படகுகளின் சேதியை வாங்குகிற நிரலை நிறுத்தினாள். பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பல் நிறமாயின, விண்ணரசி எல்லாவற்றுக்கும் கடைசியாக. கம்ப்யூட்டரை அணைத்து, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற பென்டிரைவைச் செருகி அதிலிருந்து கிளப்பினாள். இப்போது டிஸ்க் கம்ப்யூட்டருக்குள் இருந்தது, ஆனால் யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்தது. அதில் யாரும் எழுதவில்லை, அதிலிருந்து யாரும் படிக்கவில்லை. அது உண்மையிலேயே விடுபட்டுவிட்டதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுப் பார்த்துக்கொண்டாள். புது டிஸ்கைக் கேபிளில் மாட்டினாள். எதிலிருந்து, எதற்கு. இந்த இரண்டு பெயரையும் இடம் மாற்றி அடித்துவிட்டால் வெறுமையைக் கொண்டுபோய் நிறைந்ததன் மேல் கொட்டிவிடும், நிமிடத்தில் எல்லாம் போய்விடும். பெயர்களை வாய்விட்டுப் படித்தாள். விரல் வைத்துப் படித்தாள். பிறகு விசையை அமுக்கினாள், அமுக்கின விரலை உடனே எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள்.

நகல் நத்தையாக ஊர்ந்தது. நல்ல இடங்களில் எண்கள் மளமளவென்று ஓடின, கெட்ட இடம் வந்ததும் நின்றன, டிக் டிக் என்றது, அவள் மூச்சும் நின்றது, எண் ஒன்று ஏறியதும் மூச்சு வந்தது. இப்படித்தான் கிளாட்வின் மூச்சையும் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அப்போது அவனுக்கு நான்கு வயது, அவளுக்குப் பதினொன்று, நிமோனியா என்று பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து அனுப்பியிருந்தார்கள். அம்மா அவளிடம், அவனைத் தொடாதே, இப்போதான் தூங்கியிருக்கான், தொட்டால் முழித்துவிடுவான், சும்மா பார்த்துக்கிட்டு மட்டும் இரு என்று சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். சும்மா பார்ப்பது என்பது எவ்வளவு கஷ்டமான காரியம். விலா ஏறுகிறதா, இறங்குகிறதா. ஏறாத மாதிரி ஒரு நொடி தெரியும், கை தானாக நீளும், தொடக்கூடாது, கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொள்வாள். பிறகு ஏறும். அந்தச் சட்டையில் ஒரு மயில் இருந்தது, பச்சைநூல் மயில், அது ஏறினால் அவன் உயிரோடு இருக்கிறான். இப்போது திரையில் எண் ஏறுகிறது. ஏறுகிறது. நிற்கிறது. அந்தச் சட்டை அப்புறம் என்ன ஆனது, யாருக்குக் கொடுத்தார்கள், அம்மாவைக் கேட்க வேண்டும், அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அம்மா இந்நேரம் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருப்பாள், காற்றைப் பார்த்திருப்பாள், பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் புரட்டிக்கொண்டிருப்பாள். படகில் இவர்கள் அந்தப் பெட்டிக்கு ‘அக்கா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கிளாட்வினே சொல்லியிருக்கிறான். கடல் எல்லையை ஒட்டிப் போனால், ‘அக்கா பாத்துக்கிட்டிருக்கா, போட்டைத் திருப்புங்கல’ என்று சூசை டிரைவர் சத்தம் போடுவாராம். இவளுக்கு அதைக் கேட்டபோது சிரிப்பு வந்தது. இப்போது அக்கா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள்.

“டீ ஆறுது பாரு,” என்றார் தார்சியுஸ். எப்போது கொண்டுவந்து வைத்தார் என்று தெரியவில்லை. டீயின் மேல் ஏடு படிந்திருந்தது.

“நீங்க குடிச்சியளா மாமா?”

“குடிக்கணும்.” அவர் மைக்கைக் கையில் எடுத்து, கடலரசன், கடலரசன், எங்கிருக்கிய, காத்து எப்பிடி என்று கேட்டார். கரகரவென்று பதில் வந்தது. கேட்டதை அப்படியே ஒரு தடவை திருப்பிச் சொன்னார். அது அவருடைய வழக்கம், முப்பது வருசத்து வழக்கம், கடலிலிருந்து வருகிற எதையும் இவர் வாயால் ஒரு தடவை திருப்பிச் சொல்லாமல் விடமாட்டார், அங்கே சொன்னதும் இங்கே கேட்டதும் ஒன்றுதானா என்று தெரிய வேண்டுமாம். திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த படகைக் கூப்பிட்டார். அவருடைய முதுகைப் பார்த்தபோதுதான் ஜெனோவாவுக்கு நினைவு வந்தது, நினைவு வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, தெரிந்துதான் இருந்தது, எங்கேயோ பின்னால் போய் உட்கார்ந்திருந்தது. விண்ணரசியில் இவருடைய மருமகனும் இருக்கிறான். ரீகன். போன தையில்தான் கல்யாணம், ஆன்சிக்கு, இவருடைய ஒரே மகளுக்கு. பந்தியில் ரீகன் தானே வாளியைத் தூக்கிக்கொண்டு குழம்பு ஊற்றினான், மாப்பிள்ளை ஊற்றக் கூடாதுல என்று எல்லோரும் கத்தினார்கள். காலையிலிருந்து இந்த மனிதர் அதைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. கர்வாலோ, ஒன் தம்பியும் அதுலதானே இருக்கான் என்று இவளிடம் கேட்டாரே தவிர அவரிடம் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. கேட்கலாம், இப்போதுகூடக் கேட்கலாம். ஆனால் கேட்டால் பயம் இரண்டு பேருடையதாகிவிடும், இரண்டு பேருடைய பயம் இந்தச் சின்ன அறையில் கொள்ளாது. அவள் ஏட்டை விரலால் ஒதுக்கிவிட்டு ஆறின டீயைக் குடித்தாள்.

நகல் முடிந்தது. சில இடங்களைப் படிக்கவே முடியவில்லை என்று சொல்லிவிட்டு முடிந்தது. அந்த இடங்களில் சேதி இருந்ததா, வெறும் காலியிடமா என்று அது சொல்லாது. பழைய டிஸ்கை அணைத்ததும் டிக் டிக் சத்தம் நின்றது. அந்தச் சத்தம் இவ்வளவு நேரம் தனக்குத் துணையாக இருந்ததென்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது. இப்போது சோதனை. நகல்தானே, நேராகச் சரிசெய்யச் சொல்லிவிடலாமே என்று விரல் துடித்தது. கூடாது. முதலில் பார்க்க மட்டும் வேண்டும். எதையும் மாற்றாதே, என்ன என்ன உடைந்திருக்கிறதென்று மட்டும் சொல். அந்தச் சோதனை நிரல் ஒவ்வொரு உடைசலைப் பார்க்கும்போதும் சரிசெய்யட்டுமா என்று கேட்கும், பார்க்க மட்டும் என்று சொல்லியிருந்தால் தானே இல்லை என்று பதிலும் எழுதிக்கொள்ளும். தொடங்கினாள். முதல் சுற்று, ஒவ்வொரு ஃபைலின் அளவும் அது பிடித்திருக்கிற இடமும் ஒத்துப்போகிறதா. வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. வெறும் கறுப்புத் திரை. அதில் அவள் முகம், முகத்துக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலில் மேகம். ஒன்றும் வரவில்லை என்றால் ஒரு பிழையும் இல்லை என்று அர்த்தம். இத்தனை வருசத்தில் எத்தனை டிஸ்குகளைச் சோதித்திருக்கிறாள், கல்லூரியில், அதற்குப் பிறகு அந்த ஷிப்பிங் கம்பெனியில், பிறகு இங்கே, ஒவ்வொரு தடவையும் இந்தக் கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்து மாதாவே ஒன்றும் வரக்கூடாது, சுத்தம் என்று வரவேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறாள். இன்றைக்கு உள்ளே வேறொரு வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது. அது எப்போது தொடங்கியதென்று தெரியவில்லை. வரட்டும், ஒரு பிழையாவது வரட்டும், மாதாவே, உடைந்திருக்கட்டும், நல்லா உடைந்திருக்கட்டும். டிஸ்க் சுத்தமாக இருந்தால் விண்ணரசியின் சேதி எழுதப்படாமல் போகவில்லை, வராமலே போயிருக்கிறது. டிஸ்க் கெட்டிருந்தால் தம்பி நன்றாக இருக்கிறான். டிஸ்க் நன்றாக இருந்தால். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. முடிக்காமல் விட்ட வாக்கியம் முள்ளில் மாட்டின துணி போல அங்கேயே படபடத்துக்கொண்டிருந்தது.

பிறகு வந்தது. ஒரு வரி. இந்த ஃபைலின் அளவு தப்பு, சரிசெய்யட்டுமா, இல்லை. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அவ்வளவு சந்தோஷம், கண்ணில் நீர் வந்துவிட்டது. இன்னொன்று. சரிசெய்யட்டுமா, இல்லை. இரண்டாவது சுற்றில், எந்தப் பெயர் எந்த ஃபைலுக்கு என்று பார்க்கிற சுற்றில், மளமளவென்று வரத் தொடங்கியது. இந்தப் பெயருக்கு ஆள் இல்லை, நீக்கட்டுமா, இல்லை. இல்லை. இல்லை. இல்லை. திரை முழுக்க இல்லை கீழிருந்து மேலாக ஏறிக்கொண்டே போனது. முதலில் குடித்த சந்தோஷம் மெல்லப் புளித்தது. யாரோ ஒருவர் ஒவ்வொரு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, இருக்கானா என்று கேட்கிறார், இல்லை என்கிறார்கள், அடுத்த வீட்டில் தட்டுகிறார். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு தடவை அப்படி நடந்தது, அந்தப் புயலில், ஃபாதர் தெருத்தெருவாக வந்து கேட்டார், உங்க வீட்டு ஆள் வந்தாச்சா. அப்பா வந்திருந்தார். அப்பா வந்து ஈரத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், அம்மா ஃபாதரிடம் வந்தாச்சு என்று சொன்ன குரல் மிகச் சின்னதாக இருந்தது, அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக்கூடாது என்பது போல. அப்போது புரியவில்லை. மூன்றாவது சுற்று, எல்லாம் வேரோடு சேர்ந்திருக்கிறதா. சேராமல் தனியாகக் கிடக்கிற துண்டுகள் இத்தனை என்று சொன்னது. எந்தப் பெயரிலும் இல்லாமல், எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல், எழுதப்பட்டு, எழுதப்பட்டதையே யாரும் அறியாமல் கிடக்கிற துண்டுகள். அவசரப்பட்டு ஓடுகிற டிஸ்கிலேயே சரிசெய் என்று அமுக்கியிருந்தால் இவை கிடந்த இடத்தைக் காலியிடம் என்று நினைத்து அதன் மேலேயே புதுச் சேதி வந்து விழுந்திருக்கும். இனிப் பயமில்லை, பார்த்தாயிற்று, பழைய டிஸ்க் தொடப்படாமல் அப்படியே இருக்கிறது. நகலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். சரிசெய். இந்தத் தடவை திரையில் ஆம், ஆம், ஆம் என்று ஏறியது.

தொலைந்து கிடைத்தவற்றைப் போட்டுவைக்க என்றே ஒவ்வொரு டிஸ்கிலும் ஒரு ஃபோல்டர் உண்டு. துண்டுகளெல்லாம் அதில் வந்து விழுந்திருந்தன. பெயர் கிடையாது, பெயர் இருந்த இடத்தில் வெறும் எண். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால்தான் உள்ளே எந்தப் படகு என்று தெரியும். முதல் துண்டு ஜோஸ்லின். அடுத்ததும் ஜோஸ்லின். அடுத்து எதுவும் புரியாத குப்பை, பாதி எழுத்து பாதி கட்டம். அடுத்து கடலரசன். விரலில் வியர்வை, சேலையில் துடைத்தாள், துடைத்த உடனே மறுபடி வேர்த்தது. அடுத்தது கடலரசன். எல்லாம் இவர்களுடையதாகவே இருந்துவிட்டால். குப்பை. ஜோஸ்லின். ரேடியோவில் தார்சியுஸ் குரல் எவனுடைய குரலையோ திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்ததைத் திறந்தாள். விண்ணரசி. விண்ணரசி! வந்திருக்கிறது, வந்துதான் இருக்கிறது, காலையில் நின்ற இடத்துக்குப் பிறகும் வந்திருக்கிறது, கிழக்கே நகர்ந்திருக்கிறது, இதோ இன்னும் கொஞ்சம் கிழக்கே, ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள், இந்தப் பாழாய்ப்போன டிஸ்க்தான், மாமா என்று கூப்பிட வாயைத் திறந்தாள், திறந்த வாய் அப்படியே நின்றது. கடைசி மூன்று வரிகளில் இடம் ஒன்றேதான். வரியின் ஓரத்தில், எப்போதும் சுழியம் இருக்கிற கட்டத்தில், ஒன்று என்று இருந்தது. மூன்று வரியிலும். பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிவப்புப் பட்டன் உண்டு. ஆபத்து என்றால் மட்டும் அமுக்க வேண்டியது. அமுக்கினால் இங்கே மணி அடிக்கும், திரை சிவக்கும். டிஸ்கில் எழுதியதைப் படிக்க முடியாததால் மணி அடிக்கவில்லை. மூன்று தடவை அமுக்கியிருக்கிறார்கள். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரம் அது. கத்தரிக்காய்க் கூட்டு. அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கிளாட்வினின் கட்டைவிரல், வலைக்கயிறு அறுத்துத் தழும்பு விழுந்த அந்தக் கட்டைவிரல், ஒரு தடவை, இன்னொரு தடவை, இன்னொரு தடவை. நான்காவது வரி இல்லை.

“மாமா,” என்றாள். எழுந்து போய் அவர் தோளைத் தொட்டாள்.

தார்சியுஸ் திரையைப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். இடத்தின் எண்களை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார், பிறகு தன் நாற்காலிக்குப் போய், “மொராய்ஸ், மொராய்ஸ், மொராய்ஸ்,” என்று கூப்பிட்டார். அவள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கி ஓடினாள், கர்வாலோவிடம் சொன்னாள், கர்வாலோ உடனே போனை எடுத்துக் கடலோரக் காவலைக் கூப்பிட்டார். விண்ணரசி முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு செய்ய ஒன்றுமில்லை. சோதித்தாயிற்று, கண்டுபிடித்தாயிற்று, இனி மொராய்ஸ் ஓட வேண்டும், கடல் விட வேண்டும். ஜெனோவா புது டிஸ்கில் நிரலை ஏற்றி மறுபடி ஓடவிட்டாள், புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகத் திரும்பி வந்தன. மொராய்ஸின் புள்ளி கிழக்கே போய்க்கொண்டிருந்தது. விண்ணரசி வரவில்லை. அவள் மொராய்ஸின் புள்ளியைக் கண்ணாலேயே தள்ளினாள். போ, போ. சும்மா பார்த்துக்கிட்டு மட்டும் இரு. கூரைத் தகரம் எழுந்து விழுந்தது. கீழே அறையில் ஐஸ் பாளத்தைச் சரிவில் தள்ளிவிடுகிற சத்தம், பாளம் சறுக்கிப்போய் மோதுகிற சத்தம். ஒரு டிஸ்க் சத்தம் போடுகிறபோதே கேட்டிருந்தால். பல்லி என்று நினைக்காமல் இருந்திருந்தால். மேசையைத் தட்டாமல் குனிந்து பார்த்திருந்தால். அந்த நினைப்பு போவதும் வருவதுமாக இருந்தது, ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் வந்து அவளை இடித்தது. ஆன்சி போன் பண்ணினாள், தார்சியுஸ் எடுத்து, “வேலையா இருக்கேன் தாயி, அப்புறம் பேசுதேன்,” என்று சொல்லிவிட்டு வைத்தார். குரலில் எந்த மாற்றமும் இல்லை. வைத்த போனைக் கவிழ்த்துப் போட்டார்.

வெயில் சரிந்து ஜன்னல் கம்பிகளின் நிழல் எதிர்ச் சுவருக்குப் போயிருந்தது. ரேடியோ கரகரத்தது. மொராய்ஸ் குரல் காற்றில் பிய்ந்து பிய்ந்து வந்தது.

“அண்ணே, ஆட்களைப் பாத்துட்டோம். போட்டு கவுந்து கெடக்கு. அடிப்பலகையப் பிடிச்சிக்கிட்டுக் கெடந்தாவ. ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு.”

“போட்டு கவுந்து கெடக்கு. ஆட்களை ஏத்தியாச்சு,” என்று தார்சியுஸ் திருப்பிச் சொன்னார். “பேரைச் சொல்லு.”

“சூசை டிரைவரு.”

“சூசை. சரி.”

“இருதயம்.”

“இருதயம். சரி.”

“பெஞ்சமின். அந்தோணிச்சாமி, அவருக்குக் கால்ல அடி.”

“பெஞ்சமின். அந்தோணிச்சாமி, கால்ல அடி. சரி.”

“கிளாட்வின்.”

தார்சியுஸ் நாற்காலியோடு திரும்பி அவளைப் பார்த்தார். அவளைப் பார்த்துக்கொண்டே மைக்கில், “கிளாட்வின். சரி,” என்றார். ஜெனோவா பல்லைக் கடித்துச் சந்தோஷத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டாள். இன்னும் ஒரு பெயர் இருந்தது.

ரேடியோ இரைந்தது. தார்சியுஸ் மறுபடி அந்தப் பக்கம் திரும்பினார்.

“அடுத்து சொல்லு மொராய்ஸ்.”

இரைச்சல்.

“கேக்குது. சொல்லு.”

“அண்ணே... அஞ்சு பேருதாம்ணே.” இரைச்சல் வந்து போனது. “மொதல் அலையில போட்டு சாயும்போது எல்லாரும் மேல்தட்டுல நின்னிருக்காவ. ரீகன் மட்டும் பெட்டியில பட்டனை அமுக்கிட்டு வாரேன்னு உள்ள ஓடியிருக்கான். அமுக்கிட்டானான்னு தெரியல, அதுக்குள்ள போட்டு கவுந்துட்டுன்னு சூசை சொல்லுதாவ. பாத்துக்கிட்டுத்தாம் இருக்கோம்ணே. சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டுத்தாம் இருக்கோம்.”

மைக்கின் மேல் தார்சியுஸின் கட்டைவிரல் இருந்தது. அது அமுங்கவில்லை. கூரைத் தகரம் எழுந்து விழுந்தது, மறுபடி எழுந்து விழுந்தது. ஜெனோவா வாயைப் புறங்கையால் மூடியிருந்தாள், தான் அழுகிறாளா, அழுதால் அது எதற்கான அழுகை என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு விரல் அமுங்கியது.

“அமுக்கிட்டான்,” என்றார் தார்சியுஸ். “மூணு தடவ அமுக்கியிருக்கான். இங்க வந்திருக்கு. சூசைகிட்ட சொல்லு.”

“சரிண்ணே.”

“அஞ்சு பேரு,” என்று அவர் திருப்பிச் சொன்னார். “சரி. இப்ப நீ எந்த எடத்துல நின்னு தேடுதேன்னு சொல்லு.”

மொராய்ஸ் எண்களைச் சொன்னார். தார்சியுஸ் பென்சிலை எடுத்தார், வைத்தார், மேசையில் தாளைத் தேடினார், தாள் கைக்கு அடியிலேயே இருந்தது. ஜெனோவா அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டாள்.

“இன்னொரு தடவ சொல்லு மொராய்ஸ்,” என்றார் அவர். “மெதுவாச் சொல்லு. பிள்ளை எழுதிக்கிடட்டும்.”